கோட்டிலிருந்து நிறத்துக்கு: ஆதிமூலம் பற்றி இன்னும் முடியாத ஒரு வழக்கு

கே.எம். ஆதிமூலத்தைப் பற்றி எழுதப் புகுந்த யாரும் ஒரு கேள்வியைச் சுற்றிக்கொண்டு போக முடிந்ததில்லை. கறுப்பு மையாலும் வெள்ளைத் தாளாலும் மனித உருவத்தைக் கட்டி நிறுத்துவதில் தமிழ்நாட்டில் அவருக்கு இணையாகச் சொல்ல ஓரிருவரே இருந்தார்கள். அந்தப் பெயர் நிலைபெற்ற பிறகு, எழுபதுகளில், அதே கை உருவமே இல்லாத வண்ணப் பரப்புகளுக்கு நகர்ந்தது. கடைசிவரை அங்கேயே பெரும்பாலும் தங்கியும் விட்டது. கைவந்த கோட்டை ஓர் ஓவியர் ஏன் விடுகிறார்? அல்லது, அவர் விட்டார் என்று நாம் நினைப்பதே தவறா?

இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டாகப் பல விடைகள் வந்திருக்கின்றன. சில ஓவிய விமரிசனத்திலிருந்து, சில சிற்றிதழ் வட்டத்திலிருந்து, சில காட்சிக்கூடப் பேச்சிலிருந்து. அவற்றை ஒருசேர வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் வேலை. சேலம், நாமக்கல் சமவெளியில் இருப்பவர்களுக்கு இதில் தனி அக்கறைக்குக் காரணம் உண்டு. ஆதிமூலம் பிறந்த கீராம்பூர் துறையூருக்கு அருகில், கொல்லிமலைக்கு அந்தப் பக்கம். அவர் கோடுகள் எட்டிய சிற்றிதழ்களில் ஒன்று சேலத்திலிருந்து வந்தது. அவர் சம்பளம் வாங்கி வேலை பார்த்த கைத்தறித் துறை, சேலம் பக்கத்து ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர்களுக்கும் தெரிந்த துறை.

கேள்வி உருவான விதம்

1938இல் பிறந்த ஆதிமூலம் ஐம்பதுகளின் முடிவில் சென்னைக்கு வந்தார். சிற்பி எஸ். தனபாலின் ஆதரவு கிடைத்தது. எழும்பூரில் உள்ள ஓவியக் கல்லூரியில் சேர்ந்து 1966இல் படிப்பை முடித்தார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி அது. 1929 முதல் 1957 வரை தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கரும் அதன் தலைமையில் இருந்தார்கள். ஆதிமூலம் படித்த காலம் பணிக்கர் காலம். மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கிய 1966ஆம் ஆண்டுதான் அவர் கல்லூரியை விட்டு வெளியே வந்த ஆண்டும்.

1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள், எண்ணிக்கையில் நூறளவில், அவருக்கு அடையாளமாயின. இவற்றின் புதுமையை உணர, அதற்கு முன் இருந்த காந்திகளை நினைவில் கொள்வது நல்லது. நந்தலால் போஸ் 1930இல் லினோ தகட்டில் செதுக்கிய காந்தி, கையில் கோலோடு நடக்கும் ஒற்றை உருவம்; நடையே அதன் பொருள். மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட ராய் சௌத்ரியின் வெண்கலக் காந்தியும் நடக்கிறவர்தான். அதில் தசையும் எலும்பும் கல்லூரிப் பயிற்சியின் துல்லியத்தோடு நிற்கின்றன. ஆதிமூலத்தின் காந்திக்கு இத்தகைய வெளிக்கோடே பல இடங்களில் கிடையாது. பேனா முனையின் குறுங்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடி, நெருங்கிய இடத்தில் உடம்பாகின்றன, விலகிய இடத்தில் துணியாகின்றன. இடுப்பு வேட்டியின் வெண்மை வரைந்து வந்ததில்லை, தாளை விட்டுவைத்ததால் வந்தது. முகம் சிலவற்றில் அடையாளம் தெரியாத அளவுக்குச் சிதைந்திருக்கும். ஆனாலும் காந்தி என்று உடனே தெரியும்.

அடுத்து வந்தவர்கள் மகாராஜாக்கள். மன்னர் மானியம் 1971இல் 26ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் ஒழிந்தது. அந்தக் காலச் சூழலை இந்த வரிசையிலிருந்து பிரிப்பது கடினம். தலைப்பாகையும் மீசையும் பதக்கமுமாக அமர்ந்திருக்கும் இந்த அரசர்களின் உடம்பு, கரையான் அரித்த மரம் போல உள்ளே பொத்தலாகிக் கிடக்கிறது. காந்தியைக் கட்டிய அதே குறுங்கோடுகள் இங்கே அரிக்கும் வேலையைச் செய்கின்றன. ஒரே கருவியை வணங்கவும் ஏளனம் செய்யவும் பயன்படுத்த முடிந்த ஒருவர் அந்தக் கருவியை வைத்துவிட்டுப் போனார் என்பதால்தான் கேள்வி இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது.

இரண்டு ஆதிமூலங்கள் என்ற கருத்து

மிகப் பரவலான விடை எளிமையானது: இரண்டு ஆதிமூலங்கள் இருந்தார்கள். ஒருவர் உருவ ஓவியர், சமூகத்தோடு பேசியவர். இன்னொருவர் அருவ ஓவியர், தன்னோடு பேசிக்கொண்டவர். இலக்கிய வாசகர்கள் முதலாமவரையும் ஓவியம் வாங்குவோர் இரண்டாமவரையும் தமக்குரியவராக எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கருத்துக்கு அகில இந்திய அளவிலும் துணை உண்டு. 1981இல் பம்பாயிலும் தில்லியிலும் 'பிளேஸ் ஃபார் பீப்பிள்' என்ற கண்காட்சி நடந்தது. பூபேன் கக்கர், குலாம் முகமது ஷேக், விவான் சுந்தரம், நளினி மலானி, சுதீர் பட்வர்தன், ஜோகேன் சௌத்ரி ஆகிய ஆறு பேர் மனித உருவத்தையும் கதையையும் மீண்டும் நடுவே கொண்டுவந்தார்கள். கீதா கபூர் அதற்குக் கோட்பாட்டு விளக்கம் தந்தார். அந்தப் பார்வையை அப்படியே இங்கே வைத்தால், நாட்டில் ஒரு பகுதி உருவத்துக்குத் திரும்பிய நேரத்தில் ஆதிமூலம் அதிலிருந்து விலகினார் என்றாகும். விலகலைப் பின்வாங்கலாகப் படிப்பது அடுத்த படி.

பலவீனம் காலவரிசையில் இருக்கிறது. நிறத்துக்கு வந்தபின் அவர் கோடு போடுவதை நிறுத்தவே இல்லை. 1962 முதல் 1996 வரையிலான அவருடைய கோட்டோவியங்கள் ஒரு தனி நூலாகவே வெளிவந்தன. அந்த ஆண்டுகளில் பாதிக்கு மேல் அவர் 'அருவ ஓவியர்' ஆன பிறகு வருபவை. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்கு அவர் வரைந்த கரிசல் மனிதர்கள், அருவத்துக்கு மாறிவிட்டவர் என்று சொல்லப்பட்ட காலத்தில் பிறந்தவர்கள். ஒரு கை கித்தானிலும் ஒரு கை தாளிலும் ஒரே சமயத்தில் வேலை செய்தபோது, 'முதலில் இது, பிறகு அது' என்ற கதை நிற்காது. வசதியான கதை என்பதால்தான் அது இவ்வளவு நாள் ஓடியிருக்கிறது என்று தோன்றுகிறது.

நிலத்தைக் காணும் கண்

இரண்டாவது விடை நிறப் பரப்புகளை நிலக்காட்சிகளாக வாசிக்கிறது. துறையூர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடையில் கிடக்கும் ஊர். மானாவாரிக் காடு, ஏரி, மலைமுகடு, பனிமூட்டம். இவைதான் உருவம் உதிர்ந்து நீலமும் மஞ்சளும் செம்மண்ணுமாக வந்தன என்பது வாதம். இயற்கையே தன் வண்ண ஓவியங்களுக்கு ஊற்று என்று அவர் சொன்னதையும் இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள்.

கித்தானுக்கு அருகில் போய் நின்றால் இந்த வாசிப்புக்கு வலு கிடைக்கிறது. தூரிகையைவிடக் கத்தியின் தடம்தான் அதிகம் தெரியும். கெட்டியாக அப்பிய நீலத்தை இழுத்துச் சுரண்டியிருப்பார். சுரண்டிய விளிம்பில் அடியில் கிடந்த காவி ஒரு கீற்றாக வெளியே வரும். எட்ட நின்றால் அந்தக் கீற்று மலைக்குப் பின்னால் வரும் வெளிச்சமாகவோ வற்றிய குளத்தின் கரையாகவோ தோன்றும். தோன்றுவதற்குத் தடையில்லை.

அந்தத் தடையின்மையே இதன் குறையும். எந்த அருவ ஓவியத்தையும் நிலக்காட்சி என்று சொல்லிவிடலாம். பம்பாயில் ஒருவர் தீட்டிய நீலத்தைக் கடல் என்றும் திருச்சி மாவட்டத்தில் பிறந்தவர் தீட்டிய நீலத்தை மலை என்றும் சொல்ல வைப்பது ஓவியரின் பிறந்த ஊர் பற்றி நமக்கு முன்பே தெரிந்திருப்பதுதான். கண் அதைத் தனியே சொல்வதில்லை. பச்சைமலையைப் பற்றி எதுவும் அறியாத பார்வையாளரிடம் அந்த வாதம் ஒரு வாரம்கூடத் தாங்காது.

மெட்ராஸ் மரபும் கோட்டின் வம்சமும்

மூன்றாவது விடை கல்விநிலைய வரலாற்றிலிருந்து வருகிறது. ஆய்வாளர்களிடம் செல்வாக்கு அதிகம். மெட்ராஸ் கலை இயக்கம் என்று இன்று அழைக்கப்படும் போக்கின் மையம் கோடு. பொருளாதாரப் பேராசிரியராக இருந்து ஓவிய விமரிசகரான ஜோசஃப் ஜேம்ஸ் இந்த இயக்கத்தின் கோட்டையும் மண்சார்ந்த தேடலையும் பற்றித் தொடர்ந்து எழுதினார். பின்னாளில் அஷ்ரஃபி பகத் அதை வட்டார நவீனத்துவமாக விளக்கினார். பணிக்கர் 1963 முதல் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்து போன்ற கிறுக்கல்களும் ஜாதகக் கட்டம் போன்ற வரைவுகளும் நிறைகின்றன. ரெட்டப்ப நாயுடு, சந்தானராஜ், முனுசாமி, ராமானுஜம், சுல்தான் அலி ஆகியோர் தத்தம் வழியில் கோட்டைக் கையாண்டார்கள். கோயில் சிற்பம், தோல்பாவை, நாட்டார் தெய்வ உரு, கோலம் ஆகியவற்றில் அதன் மூலங்கள் தேடப்பட்டன.

இந்த வம்சாவளி ஆதிமூலத்தின் முதல் பத்தாண்டுக்குப் பொருந்துகிறது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் தூண்களில் தாவும் குதிரையையும் வீரனையும் பார்த்தவர்களுக்கு, கல்லில் ஓடும் கோட்டின் அழுத்தம் எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. ஜலகண்டாபுரத்துக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர்க் கோயில். அந்த மரபின் கோடு வளையும், முடியும், மூடும். உருவத்துக்கு வேலி கட்டும். ஆனால் ஆதிமூலத்தின் கோடு பெரும்பாலும் வேலி கட்டுவதில்லை. அது பரப்பை நிரப்பும் கோடு, நெசவில் இழை போல எண்ணிக்கையால் வேலை செய்வது. பணிக்கரின் குறியீடோ ரெட்டப்ப நாயுடுவின் தெய்வமோ அவரிடம் இல்லை. அவர் எடுத்துக்கொண்டவர்கள் காந்தி, ஜமீன்தார், சம்சாரி போன்ற அண்மைக் காலத்து மனிதர்கள்.

ஆக, மரபு வாதம் அவர் எங்கிருந்து வந்தார் என்பதை விளக்குகிறது. எங்கே போனார் என்பதற்கு அதனிடம் தெளிவான விடை இல்லை. 'பணிக்கர் சொல்லைத் துறந்து குறிக்குப் போனார், ஆதிமூலம் உருவைத் துறந்து நிறத்துக்குப் போனார்' என்று இணை வைப்பவர்கள் உண்டு. அது அலங்காரமான வாக்கியம், அவ்வளவுதான்.

ஸ்பெயின் தரும் ஒப்புமை

நான்காவது விடை, இந்திய அருவ ஓவியம் முழுவதையும் மேற்கின் எதிரொலி என்று தள்ளிவிடும் பழைய பழக்கத்திலிருந்து வருவது. அதைப் பொதுவாகப் பேசிப் பயனில்லை. ஒரு நாட்டைக் குறிப்பாக எடுத்துக்கொண்டால் என்ன தெரிகிறது என்று பார்க்கலாம். ஸ்பெயினே பொருத்தமாகப் படுகிறது, ஏனெனில் அங்கும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கறுப்புக் கோடும் தடித்த பரப்பும் ஒரே தலைமுறையின் இரு முனைகளாக இருந்தன.

அந்தோனியோ சாவுரா (1930–1998), 1957இல் மாட்ரிடில் உருவான 'எல் பாசோ' குழுவில் முக்கியமானவர். கறுப்பு, வெள்ளை, சாம்பல் மூன்றை வைத்துக்கொண்டு பதினாறாம் நூற்றாண்டு மன்னர் இரண்டாம் ஃபிலிப்பின் கற்பனை உருவப்படங்களைத் திரும்பத் திரும்பத் தீட்டினார். அரச உடை மிஞ்சுகிறது, முகம் கிழிகிறது. ஃபிராங்கோவின் ஆட்சிக்குக் கீழே இருந்துகொண்டு பழைய அரசனைச் சிதைத்து வரைந்ததன் அரசியல் யாருக்கும் புரியாமல் இல்லை. ஆதிமூலத்தின் மகாராஜாக்களோடு இதை வைத்துப் பார்ப்பவர்கள் ஒரு கணம் நிற்காமல் போக மாட்டார்கள். மறுமுனையில் பார்சிலோனாவின் அந்தோனி தாப்பியெஸ் (1923–2012) மணலும் பளிங்குப் பொடியும் கலந்து சுவர் போன்ற பரப்புகளைச் செய்து, அவற்றைக் கீறினார், சுரண்டினார். உருவம் இல்லை, உருவம் இருந்துபோன தடம் இருக்கிறது.

சாவுரா உருவத்தைக் கடைசிவரை விடவில்லை. தாப்பியெஸ் பரப்பை விடவில்லை. ஸ்பெயினில் இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்ட வேலையை இங்கே ஒருவர் ஒரு வாழ்நாளில் செய்திருக்கிறார். எழுபதுகளில் ஆதிமூலம் உருவத்திலிருந்து நகர்ந்தபோது, அவரைவிட இரண்டு வயது மூத்த அந்தோனியோ லோபெஸ் கார்சியா மாட்ரிடின் கிரான் வியா தெருவை 1974 தொடங்கி 1981 வரை ஒரே படத்தில் கண்ணுக்குத் தெரிவது தெரிந்தபடி தீட்டிக்கொண்டிருந்தார். ஒரே காலம் எல்லா ஓவியரையும் ஒரே பக்கம் தள்ளிவிடுவதில்லை. ஆகவே 'அந்தக் காலத்து அலை' என்ற விளக்கம் இங்கே அதிகம் உதவாது.

ஒப்புமை செல்வாக்கு ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நகல் படங்களும் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் சென்னைக் கல்லூரி நூலகத்துக்கு வந்த காலம் அது, உண்மை. அதை வைத்து இன்னாரைப் பார்த்து இன்னார் வரைந்தார் என்று முடிவு கட்டுவது நம் விமரிசனத்தின் கெட்ட பழக்கங்களில் ஒன்று. இந்த ஒப்பீடு சொல்வது வேறு: கிழிந்த அரச உடம்பும் சுரண்டிய பரப்பும் இயல்பிலேயே தொலைவான விஷயங்கள் அல்ல. இரண்டிலும் இருப்பது தேய்மானம்.

தறிப் பக்கத்து விடை

ஐந்தாவது விடை, ஆதிமூலம் வேலை பார்த்த நெசவாளர் சேவை மையத்திலிருந்து வருகிறது: அவர் கோட்டையும் நிறத்தையும் தறி வடிவமைத்தது என்பது அதன் வாதம். இந்த மையங்களைப் பற்றி ஓவிய வரலாறு இன்னும் முழுமையாகப் பேசவில்லை. ஐம்பதுகளின் நடுவில், புபுல் ஜயகரின் முயற்சியில், கைத்தறிக்குப் புது வடிவங்கள் தர இவை தொடங்கப்பட்டன. வேலை கிடைக்காத இளம் ஓவியர்களுக்கு மாதச் சம்பளம் தந்த அரசு இடம் இது. பம்பாயிலும் காசியிலும் பிரபாகர் பர்வே, பம்பாயில் அம்பாதாஸ், சென்னையில் ரெட்டப்ப நாயுடு, ஆதிமூலம், பின்னர் வீர சந்தானம் என்று பட்டியல் நீளும். கே.ஜி. சுப்ரமணியனும் கைத்தறி வாரியத்தில் சில ஆண்டுகள் இருந்தவர். பர்வே, அம்பாதாஸ் இருவரும் அருவத்தை நோக்கிப் போனவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஜலகண்டாபுரம், எடப்பாடி, தாரமங்கலம் பக்கம் தறியோடு பழகியவர்களுக்கு இந்த வாதத்தைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. ஓவியர் தாளில் போடும் வளைவு அப்படியே துணியில் வராது. முதலில் கட்டத்தாளில் ஏற வேண்டும். ஒவ்வொரு கட்டமும் ஓர் இழை மேலே, அல்லது கீழே. பிறகு அட்டையில் துளை, அட்டை ஜக்கார்டு பெட்டியில். வளைகோடு என்று நாம் காண்பது உண்மையில் படிப்படியாக நகரும் சிறு சதுரங்கள். நிறமும் அப்படியே. பாவில் நீலமும் ஊடையில் பச்சையும் ஓட்டினால் துணி நீலமாகவும் இராது, பச்சையாகவும் இராது, மயில்கழுத்து வரும். அந்த நிறம் எந்த நூலிலும் இல்லை, இரண்டும் குறுக்கிடும் இடத்தில் மட்டும் இருக்கிறது. நடந்து பார்த்தால் மாறும்.

ஆதிமூலத்தின் காந்தியில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் கோடுகள் உடம்பாவதையும், கித்தானில் நீலத்துக்கு அடியில் கிடக்கும் காவி நிறத்தை மாற்றுவதையும் இதன் வழியே பார்த்தால் இரண்டும் ஒரே சிந்தனையாகத் தெரிகின்றன. கோட்டை விட்டாரா என்ற கேள்வியே கரைந்துபோகிறது. கோடு இழையாகிப் பரப்புக்குள் போய்விட்டது.

என் பார்வையில் இருக்கும் விடைகளில் இதுவே மிகக் கவர்ச்சியானது. அதனாலேயே இதை அதிகம் சந்தேகிக்க வேண்டும். குறுக்குக்கோட்டு நிழல் ஐரோப்பியச் செதுக்கோவியத்தில் பல நூற்றாண்டு பழையது. கல்லூரியில் கற்றுத்தந்ததே அது. தறியைப் பார்க்காதவரும் அதைப் போடுவார். காந்தி வரிசை வந்தது அவர் படிப்பை முடித்து மூன்று ஆண்டுக்குள். அதற்குள் தறி அவர் கைக்குள் இறங்கிவிட்டது என்று சொல்ல, மையத்தில் அவர் போட்ட துணி வடிவங்களை ஓவியங்களோடு ஆண்டு வாரியாக வைத்துப் பார்க்க வேண்டும். அரசு அலுவலகத்தில் போட்ட வடிவத்துக்கு வரைந்தவர் பெயர் எழுதும் வழக்கம் கிடையாது. இந்த வாதத்தின் முதல் தடை அதுதான்.

அச்சு இயந்திரத்துக்குப் போன கோடு

கடைசியாக, தமிழ் வாசகர்களுக்கு மிக நெருக்கமானதும் ஓவிய நூல்கள் அடிக்குறிப்போடு விட்டுவிடுவதுமான விடை. அதன்படி ஆதிமூலத்தின் கோடு எங்கும் போகவில்லை. காட்சிக்கூடத்திலிருந்து அச்சகத்துக்குப் போயிற்று.

அறுபதுகளில் தமிழ்ப் பத்திரிகைப் படம் என்றால் என்ன என்பதற்கு ஜலகண்டாபுரமே ஒரு நல்ல அளவுகோல் தருகிறது. இவ்வூர்க்காரரான ஜ.ரா. சுந்தரேசன், பாக்கியம் ராமசாமி என்ற பெயரில் குமுதத்தில் எழுதிய அப்புசாமி – சீதாப்பாட்டிக்கு உருவம் தந்தவர் ஜெயராஜ். கதையை வாசிக்கு முன்பே படம் சிரிக்கவைத்துவிடும். கோபுலுவும் அப்படியே. படம் கதைக்குத் துணை. பாத்திரத்தின் மூக்கு எப்படி இருக்கும் என்று வாசகருக்குச் சொல்வது அதன் கடமை. அந்த மரபு குறைவானது என்று பொருளில்லை. அப்புசாமியின் பொக்கைவாயை ஜெயராஜ் இல்லாமல் நினைக்க முடிந்தால் முயன்று பாருங்கள்.

ஆதிமூலத்தின் படங்கள் கதையை விளக்க மறுத்தன. சேலத்திலிருந்து 1968இல் வரத்தொடங்கிய 'நடை' என்ற காலாண்டிதழ், சி. மணியின் முயற்சியாலும் ந. முத்துசாமி போன்றோரின் பங்களிப்பாலும் புதுக்கவிதையோடும் நவீன நாடகத்தோடும் நவீன ஓவியத்துக்கும் இடம் தந்தது. 1970இல் சென்னையில் தொடங்கிய 'கசடதபற'வில் அது தொடர்ந்தது. ஓவியரும் எழுத்தாளரும் ஒரே மேஜையில் உட்கார்ந்த இந்த நட்பு வட்டத்தில் ஆதிமூலம் நடுநாயகமாக இருந்தார். புத்தக அட்டை, இதழ்த் தலைப்பெழுத்து, உள்ளே ஒரு கோட்டோவியம் என்று அவர் செய்தவை எண்ணிலடங்கா. பிறகு கி.ரா.வின் எழுத்தோடு வெகுசன வார இதழுக்குள்ளேயே போனார். கரிசல் சம்சாரியின் முகம் அங்கே அடையாளப்படமாக வரவில்லை. வெடித்த நிலமும் சுருங்கிய தோலும் ஒரே கோட்டில் கிடந்தன. லட்சக்கணக்கில் விற்ற ஓர் இதழின் வாசகர் நவீன ஓவியத்தை முதன்முதலாகக் கண்டது அநேகமாக இப்படித்தான்.

கொல்லிமலைக்கு இந்தப் பக்கத்து நினைவு ஒன்றும் இங்கே இடைமறிக்கிறது. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை (1888–1972) ஓவியராகத் தொழில் தொடங்கியவர். காந்தி இயக்கம் அவரைக் கவிஞராக்கியது. 1930 உப்புச் சத்தியாகிரக நடைக்குப் பாட்டு அவருடையது. தூரிகையை வைத்துவிட்டுச் சொல்லுக்கு வந்தவர் அவர். ஒரு தலைமுறை கழித்து, தூரிகையை வைக்காமலே சொல்லுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஆதிமூலம்.

இவ்விடையின் சிக்கல் மதிப்பீட்டில் இருக்கிறது. அச்சில் வந்ததெல்லாம் ஒரே தரமா? நண்பர்கள் கேட்டதற்கெல்லாம் இல்லை என்னாமல் வரைந்து கொடுத்தவரின் குவியலில் அவசர வேலைகளும் உண்டு; எண்பதுகளின் பல அட்டைகள் அவர் காந்தி வரிசையின் நிழலில்தான் நிற்கின்றன. இன்னொன்று, அச்சு விடை கோடு என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறது. கித்தானுக்கு நிறம் ஏன் வந்தது என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. தாளில் கோட்டுக்கு இடம் கிடைத்துவிட்டதால் கித்தான் அதிலிருந்து விடுதலை பெற்றது என்று ஊகிக்கலாம். ஊகம் நியாயமானது, நிறுவப்படாதது.

சந்தை பற்றி ஒரு குறிப்பு

நிறப்படங்கள் விற்கும், அதனால் வரைந்தார் என்ற பேச்சும் உண்டு. தொண்ணூறுகளுக்குப் பிறகு நிறுவன வரவேற்பறைகளிலும் விடுதிகளிலும் அருவ ஓவியம் தொங்கியது உண்மைதான். அவர் நிறத்துக்கு வந்தது அந்தச் சந்தைக்கு வெகு முன்பு, எழுபதுகளில், வாங்க ஆளில்லாத காலத்தில். ஆண்டுக் கணக்கு இந்தப் பேச்சுக்கு எதிராக இருக்கிறது. பிற்காலத்தில் அளவு பெரிதானதற்கும் சில நிறங்கள் திரும்பத் திரும்ப வந்ததற்கும் சந்தை ஓரளவு காரணமாக இருக்கலாம்.

தீர்ந்ததும் தீராததும்

இந்த விடைகளை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்த்தால், 'இரண்டு ஆதிமூலங்கள்' என்பதைக் கைவிடலாம் என்றே படுகிறது. காலவரிசை அதை ஆதரிக்கவில்லை. நிலக்காட்சி வாசிப்பு பார்வையாளரின் உரிமை. அதை விளக்கமாக ஏற்க வேண்டியதில்லை. மெட்ராஸ் மரபு தொடக்கத்தை விளக்குகிறது. சந்தை, பிற்காலத்தின் ஒரு பகுதியை. தறியும் அச்சும் மட்டுமே அவர் வாழ்நாள் முழுவதையும் தழுவப் பார்க்கின்றன. இவ்விரண்டும் ஓவியக் கல்லூரிக்கும் காட்சிக்கூடத்துக்கும் வெளியே நடந்த வேலையைப் பற்றியவை என்பதில் ஒரு செய்தி இருக்கிறது: நாம் இதுவரை தேடிய இடம் குறுகலாக இருந்திருக்கலாம்.

தீராதவை மூன்று. முதலாவது, நெசவாளர் சேவை மையத்தில் அவர் செய்த வடிவங்கள் எவை, அவை எங்கே நெய்யப்பட்டன என்பது. இரண்டாவது, இதழ்களிலும் அட்டைகளிலும் வந்த கோட்டோவியங்களின் முழுப் பட்டியல், ஆண்டோடு. மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது: கோட்டோவியங்களுக்குத் தரும் அதே கறாரோடு நிறப்படங்களைத் தரம் பிரிக்க நாம் இன்னும் தொடங்கவில்லை. மறைந்த ஒரு பெரியவரைப் பற்றித் தமிழில் எழுதும்போது எல்லாமே சிறப்பு என்று முடித்துவிடுவது மரியாதை ஆகிவிடுகிறது. சில நீலங்கள் நிற்கும், சில நிற்காது; எவை என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

முதல் இரண்டு வேலைகளையும் சேலம் வட்டாரத்தில் இருப்பவர்களே தொடங்கிவைக்க முடியும். 'நடை' இதழ்கள் ஏழோ எட்டோ வீட்டுப் பரணில் கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் அவற்றைப் பாதுகாக்கும். எழுபதுகளில் சேவை மையத்திலிருந்து வந்த கட்டத்தாளோ மாதிரித் துணியோ எந்தத் தறிக்கூடத்திலாவது மிஞ்சியிருந்தால், யார் போட்டது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.